சூலகக் கட்டியும் சொல்லப்படாத வலியும்

இணுவிலில் 1898 ஆம் ஆண்டு பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை திறக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, அயலூரான மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தை ஆரம்பித்திருந்தார். அவ்வாறிருந்தும் இணுவிலில் தனியானதொரு வைத்தியசாலை தேவைப்பட்டது. ஆண் வைத்தியரிடம் தம் உடல் உபாதையைச் சொல்வதற்குப் பெண்கள் கூசினர் என்பதே அதற்கான முக்கிய காரணம். லீச் சகோதரிகள் நிதி திரட்டினர். இசபெல்லா கேர், மேரி அர்வின் எனும் இரு பெண் வைத்தியர்கள் கடல் கடந்து வந்தனர். குடாநாட்டின் எத்தனையோ குடும்பங்களில் மூத்தவர்களின் பிறப்புச் சான்றிதழில் இணுவில் என்ற பெயர் இடம்பெறுவதற்கு அந்த வைத்தியசாலையே காரணமாயிற்று.

நூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட பின்னரும் அந்தக் கூச்சம் முற்றாக அகலவில்லை என்பதையே சூலகக் கட்டி பற்றிய எமது சமூகத்தின் நடத்தை காட்டுகின்றது. பிரசவத்திற்கு வைத்தியசாலை செல்வது இன்று இயல்பாகிவிட்டது. ஆனால் மணமாகாத ஒரு பெண் அடிவயிற்று வலிக்காகப் பெண்நோயியல் கிளினிக்கில் காத்திருப்பதை அயலவர் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று தாய்மார் இன்னமும் அஞ்சுகின்றனர். வெந்தயமும் சுடுநீர் ஒத்தடமும் கொடுத்து, "கலியாணம் ஆனால் எல்லாம் சரிவரும்" என்ற ஆறுதலோடு மாதங்கள் கழிகின்றன.

கட்டி என்ற சொல்லே பாதிப் பீதிக்குக் காரணம் என நாம் கருதுகின்றோம். மாதவிடாய் நிகழும் வயதில் ஒவ்வொரு மாதமும் சூலகத்தில் முட்டையைத் தாங்கிய ஒரு சிறு நீர்ப்பை வளர்ந்து, ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் அளவை எட்டியதும் வெடித்து முட்டையை விடுவிக்கின்றது. சில மாதங்களில் அது வெடிக்காமல் மேலும் வளர்ந்துவிடுவதுண்டு. அல்லது வெடித்த பின் எஞ்சும் பகுதியில் நீரோ இரத்தமோ தேங்குவதுண்டு. நாம் நீர்க்கட்டி என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை இவைதாம். இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் அவை தாமாகவே சுருங்கி மறைந்துவிடும். கருத்தடை மாத்திரை கொடுத்தால் அவை விரைவில் கரையும் என முன்னர் நம்பப்பட்டது. ஏற்கெனவே உள்ள கட்டியை அது கரைப்பதில்லை என்பது பின்னர் ஆய்வுகளில் தெரியவந்தது.

வேறு வகைகளும் உண்டு. முடியும் கொழுப்பும் சில வேளை பல்லும்கூட அடங்கிய டேர்மொயிட் கட்டி இளம் பெண்களிடம் காணப்படும். கருப்பையின் உட்படையை ஒத்த இழையம் சூலகத்தில் வளர்ந்து பழைய இரத்தம் தேங்குவதால் உருவாகும் 'சொக்லேட் கட்டி' மாதந்தோறும் கடும் வலியைத் தருவதோடு, சிலருக்குக் கருத்தரித்தலையும் தாமதப்படுத்தும். திருமணமானால் சரிவரும் என்று சொல்லி இதைத்தான் அதிகம் மூடி மறைக்கின்றோம்.

ஸ்கான் அறிக்கையைக் கையில் பெற்றவுடன் வைத்தியரிடம் போகுமுன் அதைப் படமெடுத்துக் கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவினருக்கு அனுப்பும் வழக்கம் ஒன்று பரவியிருக்கின்றது. அவர்கள் இணையத்தில் தேடிப் புற்றுநோயில் வந்து முடிப்பார்கள். அறிக்கையில் அளவு மில்லிமீற்றரில் இருக்கும். 22 என்பது பெரும்பாலும் அந்த மாதத்து முட்டைப்பையாகவே இருக்கலாம். மாதவிடாய் நிற்காத பெண்ணொருவரிடம் 50 மில்லிமீற்றருக்கு உட்பட்ட, வெறும் நீர் மட்டும் நிறைந்த கட்டிக்கு வழமையாகத் தொடர் ஸ்கான்கூடத் தேவையில்லை என்பது பிரித்தானிய மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியர்களின் றோயல் கல்லூரியின் வழிகாட்டல். 50 முதல் 70 வரையானவற்றை ஆண்டுக்கொரு முறை ஸ்கான் செய்து பார்க்கச் சொல்கின்றது. அதற்கு மேற்பட்டவற்றிற்கே மேலதிகப் படப் பரிசோதனையோ சத்திரசிகிச்சையோ பரிசீலிக்கப்படும். 'சீஏ 125' என்ற இரத்தப் பரிசோதனை மாதவிடாயின்போதும் சொக்லேட் கட்டியிலும்கூட உயர்ந்து காணப்படும். ஆகவே அந்த எண்ணை மட்டும் கொண்டு இளம் பெண்ணொருத்திக்குப் புற்றுநோய் என முடிவு கட்டலாகாது.

மணமாகாத பெண்ணை அழைத்துச் செல்லத் தயங்குவோர் ஒன்றை அறிய வேண்டும். நீர் அருந்திச் சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில், வயிற்றின் மேலாகச் செய்யும் ஸ்கானே இவர்களுக்கு வழமையாகப் போதுமானது. உட்பரிசோதனை எதுவாயினும் சம்மதமின்றிச் செய்யப்படுவதில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்குண்டு.

வலி மிதமாக இருப்பின் ஒத்தடமும் பரசிற்றமோலும் ஆறுதல் தரும். அவை கட்டியைக் கரைக்கா, வலியைத்தான் குறைக்கும். மாதவிடாய் வந்த திகதி, வலித்த நாள்கள், எப்பக்கம், வாந்தி இருந்ததா என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், ஐந்து நிமிடம் மட்டுமே கிடைக்கும் கிளினிக்கில் அது பேருதவியாகும்.

ஆயினும் பொறுத்திருக்கக் கூடாத வலி ஒன்றுண்டு. கட்டியின் பாரத்தால் சூலகம் தன் காம்பிலேயே முறுகிக்கொள்ளும்போது இரத்தோட்டம் தடைப்படுகின்றது. திடீரென ஒரு பக்கத்தில் தாங்கொணா வலி, கூடவே வாந்தி. சில வேளை வலி விட்டுவிட்டு வருவதால் 'வாய்வு' என்று எண்ணிவிடுகின்றனர். சில மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை மூலம் முறுக்கை அவிழ்த்தால் சூலகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். விடியட்டும் என்று மாத்திரை விழுங்கிக் காத்திருந்தால் அது இழக்கப்படலாம். மயக்கம், வெளிறிய தோற்றம், காய்ச்சல் என்பனவும் அவ்வாறே. கட்டி வெடித்து உள்ளே இரத்தம் கசிவதும், கருப்பைக்கு வெளியே கரு தங்குவதும் இதே அறிகுறிகளைத் தரும். கர்ப்பம் இருக்கலாமா என்று வைத்தியர் கேட்டால் அதை அவமதிப்பாகக் கொள்ளாது உண்மையைக் கூறுவதே உயிர் காக்கும். 1990 இலக்க இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இயங்குகின்றது. யாழ். போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதமும் சிபார்சும் தேவையில்லை.

சூலகக் கட்டியைக் கர்ப்பமென்று எண்ணியதும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் ஜேன் கிரோபோர்ட் என்ற தாய் இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பதாகவே கருதப்பட்டார். சோதித்துப் பார்த்த வைத்தியர் எப்ரேம் மக்டொவல் அது சூலகக் கட்டி என்றார். அப்பெண் ஏறத்தாழ அறுபது மைல் குதிரையில் பயணித்து, 1809 டிசெம்பரில், மயக்கமருந்து அறியப்படாத அக்காலத்தில் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டார். பத்துக் கிலோ அளவிலான கட்டி அகற்றப்பட்டது. அதன்பின் அவர் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இன்று அதே வேலை, பொருத்தமான நோயாளிகளில், வயிற்றில் சிறு துளைகளிட்டு லப்பிரஸ்கோப்பி மூலம் முடிந்துவிடுகின்றது. இளம் பெண்களில் இயன்றவரை கட்டியை மட்டும் அகற்றிச் சூலகத்தை விட்டுவைப்பார்கள். ஒரு சூலகம் முழுதாக அகற்றப்பட்டாலும் மற்றையதைக் கொண்டு தாய்மை அடையலாம். பெண் பார்க்க வருவோர் இதைத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு மேற்சொன்ன ஆறுதல்கள் அப்படியே பொருந்தா. ஐம்பதைத் தாண்டியவர்களில் வாரக்கணக்கில் வயிறு ஊதியிருத்தல், சிறிது உண்டதும் நிறைந்துவிடுதல், அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்தல் என்பன சூலகப் புற்றுநோயின் ஆரம்பக் குரலாக இருக்கலாம். எமது அன்னையரோ இதை அசீரணம் என்று இஞ்சித் தேநீரோடு முடித்துக்கொள்வர். 1996 முதல் நாட்டில் நடைபெற்றுவரும் சுகவனிதையர் கிளினிக்குகளுக்கு முப்பத்தைந்து வயதைக் கடந்த எவரும் கட்டணமின்றிச் செல்லலாம். அங்கே முதன்மையாகப் பரிசோதிக்கப்படுவது கருப்பைக் கழுத்தும் மார்பகமும். வயிற்று உபாதையைத் தானாக யாரும் கேட்கமாட்டார்கள். வாய் திறந்து சொன்னால்தான் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எந்த நாளில் கிளினிக் என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம்.