எஸ்யூவிக்கு எந்த எஞ்சின்?

பெரிய வண்டி என்றால் டீசல் என்பது இந்தியாவில் வெகுகாலம் யாரும் கேள்வி கேட்காத கணக்கு. அதற்குக் காரணம் எஞ்சினின் குணத்தைவிட பெட்ரோல் பங்கின் விலைப்பலகையில்தான் அதிகம் இருந்தது. 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. 2024 மார்ச் விலைக்குறைப்புக்குப் பின் சென்னை வட்டாரத்தில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய் என்று நின்றது. ஒன்பது ரூபாய்க்கும் குறைவான வித்தியாசத்துக்காக டீசல் வாங்கலாமா என்ற கேள்வி அப்போதுதான் உண்மையான கேள்வியானது. இப்போது அதோடு, வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டு, தேவைப்பட்டால் பெட்ரோலிலும் ஓட்டும் பிளக்-இன் ஹைபிரிடும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கேள்விக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தைவிடப் பொருத்தமான களம் அமையாது. மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு ஆலையிலிருந்துதான் 2013-இல் ஈக்கோஸ்போர்ட் வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்பதால் அதன் நீளம் 3,999 மில்லிமீட்டர். அதில் பெட்ரோல், டீசல் இரண்டும் கிடைத்தன. 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியேறியது. ஏற்றுமதிக்காக எஞ்சின் தயாரிக்க 2025 அக்டோபரில் அதே இடத்துக்கு மறுபடி ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. கொஞ்சம் தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் மகிந்திராவின் ஆராய்ச்சி மையமும், 2007 முதல் பிஎம்டபிள்யூ ஆலையும் இயங்குகின்றன. செய்யூர் பக்கம் மகிந்திராவின் எஸ்யூவி சோதனைத் தடம் இருக்கிறது.

பிஎம்டபிள்யூ ஆலையில் உருவாகும் எக்ஸ்1 வண்டியே நல்ல பாடம். ஒரே உடல், பெட்ரோலும் உண்டு, டீசலும் உண்டு. 2025 ஜனவரியில் முழு மின்சார வடிவமும் அதே ஆலையிலிருந்து வந்தது. இதே வண்டிக்கு ஐரோப்பாவில் பிளக்-இன் ஹைபிரிட் வடிவமும் விற்கிறது. இங்கே அது இல்லை. ஏன் இல்லை என்பதற்கு வரிக் கணக்கில் பதில் இருக்கிறது. அதற்கு முன் எஞ்சின்களைப் பார்த்துவிட வேண்டும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதன் கொள்ளளவில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக நசுக்குகிறது. அந்த அழுத்தத்தில் காற்று, டீசல் தானாகப் பற்றும் வெப்பநிலைக்கு மேல் சூடேறுகிறது. அப்போது பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1890-களில் செய்து காட்டியது இதைத்தான். பெட்ரோல் எஞ்சினில் நசுக்கல் பெரும்பாலும் பத்து, பதினொரு மடங்கு அளவில் நின்றுவிடும். மீறினால் எரிபொருள் முன்கூட்டியே வெடித்துத் தட்டும். அதிகம் நசுக்குவதால் டீசலில் வெப்பம் வேலையாக மாறுவது அதிகம். போதாததற்கு, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சுமார் பத்து விழுக்காடு கூடுதல் ஆற்றலும் அடங்கியிருக்கிறது. மைலேஜ் வித்தியாசத்தின் ஒரு பகுதி எஞ்சினுடைய திறமையே அல்ல, எரிபொருளின் அடர்த்தி.

இழுவை இன்னொரு விஷயம். ஹூண்டாய் கிரெட்டாவின் சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 144 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. அதுவும் 4,500 சுற்றில். அதே அளவு டீசல் எஞ்சின் 1,500 சுற்றிலேயே 250 தருகிறது. ஏழு பேர், கூரையில் சாமான், ஏசி முழு வேகம் என்று மதுரைக்குப் புறப்படும் வண்டியில் கியரை அடிக்கடி மாற்றாமல் லாரியைத் தாண்ட முடிவது இதனால்தான். ஆனால் டர்போ பெட்ரோல் வந்த பிறகு இந்த இடைவெளியும் குறைந்துவிட்டது. 2021-இல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி 700-இல் டர்போ பெட்ரோல் 380 நியூட்டன் மீட்டர். மேனுவல் கியர் டீசல் 420. ஓட்டும்போது இந்த வித்தியாசத்தை உணர்வது கடினம். டேங்க் நிரப்பும்போது உணரலாம்: டர்போவை மிதித்து ஓட்டினால் பெட்ரோல் மைலேஜ் சட்டென்று விழும்.

டீசலின் தலைவலி 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதியோடு தொடங்குகிறது. புகையில் உள்ள கரித்துகளைப் பிடிக்கச் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி கட்டாயமானது. பிடித்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வடிகட்டி 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும். வண்டி கால் மணி நேரமாவது நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். செங்கல்பட்டிலிருந்து மறைமலை நகருக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் காலை நெரிசலில் அந்த வாய்ப்பு அரிது. எரிக்கத் தொடங்கும்போதே ஆபீஸ் கேட் வந்துவிடும், எஞ்சின் அணைக்கப்படும். இப்படிப் பாதியில் நின்றால் எரிக்கப் பீய்ச்சிய டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயிலைக் கெடுக்கும். பிறகு டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை ஒரு ஓட்டம் போனால் பெரும்பாலும் அணைந்துவிடும். அப்படி ஓட்டாமல் விட்டால் சர்வீஸ் சென்டரில் கட்டாயமாக எரிக்க வேண்டியிருக்கும். அதுவும் முடியாவிட்டால் வடிகட்டியை மாற்றுவது பெருஞ்செலவு. பல வண்டிகளில் புகையைச் சுத்தமாக்கும் ஆட்புளூ திரவத்தையும் தனியாக நிரப்ப வேண்டும். சின்ன டீசல் எஞ்சினில் இத்தனையும் பொருத்தினால் விலை கட்டுப்படியாகாது என்றுதான் மாருதி 2020-இல் டீசலையே கைவிட்டது.

பெட்ரோலில் இந்தத் தொல்லை இல்லை. விலை குறைவு, சத்தம் குறைவு, குறுந்தூரம் ஓட்டினாலும் முகம் சுளிக்காது. இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு; எனவே மைலேஜும் சில விழுக்காடு குறையும். இதைக் கணக்கில் சேர்க்காமல் பழைய மைலேஜை வைத்துப் பேசுவது பயனற்றது.

பணக் கணக்கு எளிமையானது. ஒரு நடுத்தர எஸ்யூவி ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓடி, பெட்ரோலில் லிட்டருக்கு 12, டீசலில் 16 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன விலையில் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 8 ரூபாய் 40 காசு, டீசல் 5 ரூபாய் 80 காசுக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் 2 ரூபாய் 60 காசு. டீசல் வண்டி ஒன்றரை லட்சம் அதிகம் என்றால், அதை மீட்க 58,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1,000 கிலோமீட்டர் ரன்னிங் என்றால் ஏறக்குறைய ஐந்து வருடம். 2,500 என்றால் இரண்டே வருடம். டீசலின் கூடுதல் சர்வீஸ் செலவு இதில் சேரவில்லை. மாதம் 1,500-க்குக் கீழே ஓட்டுபவருக்கு டீசல் பணத்தை மிச்சப்படுத்தாது என்றே சொல்லிவிடலாம்.

பிளக்-இன் ஹைபிரிடில் இரண்டு வண்டி ஒன்றாக இருக்கிறது: ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு மின்சார வண்டி, அதற்குப் பிறகு பெட்ரோல் ஹைபிரிட். பேட்டரி சாதாரண ஹைபிரிடைவிடப் பல மடங்கு பெரியது. இங்கே விற்கும் டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிடின் பேட்டரி முக்கால் யூனிட் அளவுதான். ஓட்டத்திலும் பிரேக்கிலும் தானே நிறைத்துக்கொள்ளும், பிளக்கே கிடையாது. ஐரோப்பிய எக்ஸ்1 பிளக்-இன்னில் பயன்படும் அளவு 14.2 யூனிட். நிறுவனக் கணக்கில் சுமார் 80 கிலோமீட்டர்; ஏசியோடு 60 கிடைத்தால் நல்லது.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு முப்பது கிலோமீட்டர். தினம் போய்வருபவருக்கு அறுபது. பிளக்-இன்னுக்கு அளவெடுத்துத் தைத்த தூரம். இரவில் வீட்டு போர்டிகோவில் உள்ள பவர் பிளக்கில் மாட்டினால் ஐந்து மணி நேரத்தில் நிறைந்துவிடும். சார்ஜில் வீணாவதையும் சேர்த்து 16 யூனிட் ஆகும். மாதம் 25 நாள் என்றால் இரண்டு மாத கரண்ட் பில்லில் 800 யூனிட் ஏறும். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது: முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகையில் ஒரு பகுதியும் போய்விடும், 1,000-ஐத் தாண்டினால் யூனிட் 11 ரூபாய்க்கு மேல். ஏற்கெனவே 400 யூனிட் ஆகும் வீட்டில் காருக்கான யூனிட் சராசரியாகப் பத்து ரூபாய் என்றுதான் கொள்ள வேண்டும். அப்படியும் கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் ரூபாய்க்குள் முடிகிறது. டீசலில் பாதிகூட இல்லை. மொட்டை மாடியில் சோலார் இருந்தால் இன்னும் குறையும்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. விடுமுறை நாளில் உத்தண்டி டோலில் தொடங்கி கோவளம் வரை ஊர்ந்துபோகும்போது, பெட்ரோல், டீசல் வண்டிகள் ஏசிக்காகவே எஞ்சினை ஓடவிடுகின்றன. பிளக்-இன்னில் ஏசி கம்ப்ரசர் பேட்டரியில் ஓடுகிறது. சித்திரை வெயிலில் இது சின்ன விஷயம் அல்ல.

சார்ஜ் போடாவிட்டால் எல்லாம் தலைகீழ். பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து சில நூறு கிலோ கூடுதல் எடை; அதைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும். சாலையில் ஓடும் வண்டிகளின் பதிவுகளைத் திரட்டிய ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பிளக்-இன் ஹைபிரிடுகளின் உண்மையான கார்பன் உமிழ்வு சோதனைச்சாலைக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு. மாட்டாத பிளக்குக்கு அதில் பெரும் பங்கு. கேளம்பாக்கம், சிறுசேரி அடுக்குமாடிகளில் சொந்தப் பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் இல்லாதவருக்கு இந்த வண்டி வீண்.

கடலோரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தினம் மின்சாரத்திலேயே ஓடினால் டேங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. மாமல்லபுரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பல பிளக்-இன் வண்டிகளில் டேங்கைக் காற்றுப் புகாமல் அடைப்பது இதற்கும் உதவும். அமெரிக்காவின் செவர்லே வோல்ட், பெட்ரோல் ஒரு வருடம் பழசானால் எஞ்சினைத் தானே ஓடவிட்டுத் தீர்த்துவிடும். அரிதாக ஓடும் எஞ்சினின் சைலன்சரில் நீர் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியிலிருந்து உப்புக்காற்று வேறு. வாரம் ஒருமுறை எஞ்சினை நன்றாகச் சூடேற ஓட்டுவதும், அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுவதும் செலவில்லாத வைத்தியம்.

இனி வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டரைத் தாண்டிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. பெட்ரோல், டீசல், பிளக்-இன் எல்லாவற்றுக்கும் ஒன்றே. நான்கு மீட்டருக்குள், 1,200 சிசி வரை பெட்ரோலும் 1,500 சிசி வரை டீசலும் 18 விழுக்காடு. முழு மின்சார வண்டிக்கு 5 மட்டுமே. பிளக்-இன்னுக்கு இரண்டு இயந்திரங்களின் செலவும் உண்டு, பெட்ரோல் வண்டியின் வரியும் உண்டு. எக்ஸ்1 டீசல் 2023-இல் வந்தபோது விலை 47.90 லட்சம், இங்கே தயாராகும் மின்சார ஐஎக்ஸ்1 2025-இல் வந்தது 49 லட்சத்துக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளக்-இன்னை எந்த விலைக்கு விற்பது? பிஎம்டபிள்யூ இந்தியாவில் விற்ற பிளக்-இன் எஸ்யூவியான எக்ஸ்எம், 2022 டிசம்பரில் 2.60 கோடி ரூபாய். சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் பிளக்-இன் வராதவரை, அந்த இடத்தைச் சாதாரண ஹைபிரிடும் மின்சார வண்டியும் பங்குபோட்டுக்கொள்ளும். மாமல்லபுரம்–செங்கல்பட்டு போன்ற நிலையான தினசரி ஓட்டம், சொந்த பிளக், வீட்டில் இன்னொரு வண்டி என்று இருப்பவருக்கு முழு மின்சாரமே மேல்.

மழைக்காலத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முடிச்சூர், தாம்பரம் பக்கம் நின்ற தண்ணீர் பல எஞ்சின்களைக் கொன்றது. காற்று உள்ளே போகும் வழியில் தண்ணீர் புகுந்தால், பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசலில் நசுக்கல் அதிகம் என்பதால் சேதமும் பெரிது. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் காப்பீட்டு நிறுவனம் சாதாரணப் பாலிசியில் பணம் தர மறுக்கும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசியைப் புதுப்பிக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். பிளக்-இன்னில் பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டிருந்தாலும், மூழ்கிய வண்டியைச் சோதிக்காமல் சார்ஜ் போடக் கூடாது. உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவும் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் மூன்று எஞ்சினுக்கும் வைத்தியம் ஒன்றே: 2024 அக்டோபரில் வேளச்சேரிவாசிகள் மேம்பாலத்தில் வரிசைகட்டி நிறுத்தியதுபோல, மேடான இடம் பார்த்து வண்டியை நிறுத்திவிடுவது.