நடுவுல கொஞ்சம் குரலைக் காணோம்

தென்காசி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சீசனில் குற்றாலப் பேரருவியில் தண்ணீர் கொட்டும்போது பக்கத்தில் நிற்கிற மச்சான் கத்துவதே எனக்குக் கேட்பதில்லை. ஆனால் கம்பத்தில் கட்டிய குழாய் ரேடியோவில் போலீஸ்காரர் 'ஓரமா வாங்க' என்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. வீட்டிலோ இருபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஹோம் தியேட்டரில் வெடிச்சத்தம் ஜன்னலை உலுக்குகிறது, வசனம் புரிய மாட்டேன் என்கிறது. குழாய் உசத்தியா, என் பெட்டி மட்டமா?"

குழாய் மட்டம்தான், சந்தேகமே வேண்டாம். அதில் பாட்டுக் கேட்பது பல்வலிக்குச் சமம். ஆனால் மனிதக் காதுக்கு மிகவும் வேண்டிய ஒரு பகுதியை மட்டும் அது விடாப்பிடியாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. உங்கள் பெட்டி அந்தப் பகுதியில்தான் சறுக்குகிறது.

முதலில் அருவி. தண்ணீர் பாறையில் மோதுவதால் மட்டும் அந்த இரைச்சல் எழுவதில்லை. மோதும்போது உள்ளே சிக்கும் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் அதிர்கின்றன. டச்சு வானியலாளர் மின்னார்ட் 1933-ல் இதற்குக் கணக்குப் போட்டார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறக்குறைய 3,300 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ளது 330-ல். பேரருவியில் எல்லா அளவுக் குமிழியும் கோடிக்கணக்கில் இருப்பதால், எல்லாச் சுருதியும் கலந்த இரைச்சல் நம் பேச்சின் மேல் போர்வையாக விழுகிறது. மச்சானின் குரல் நாலாபக்கமும் சிதறி இந்தப் போர்வைக்குள் அமுங்கிவிடுகிறது.

குழாய் சிதறவிடாது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையும் ஐந்தாறாயிரத்துக்கு மேலே உள்ளதையும் அது கைகழுவிவிட்டு, மிச்சத்தை ஒரே திசையில் தள்ளுகிறது. வீட்டு ஸ்பீக்கர் வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்கும். குழாய் பத்துப் பங்குக்கு மேலேயே ஆக்கும். அதைவிட முக்கியம், மெய்யெழுத்துகள் குடியிருப்பது இந்த இடைப்பகுதியில்தான். 'கல்' வேறு, 'பல்' வேறு என்று நமக்குக் காட்டித் தருவது சில மில்லிநொடி நீடிக்கும் ஒரு வெடிப்பும் அதையடுத்த சிறு நெளிவும்தான். அதன் அடையாளம் பெரும்பாலும் 500-லிருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 வரை மட்டும் அனுப்பியே காலத்தை ஓட்டியது.

அப்படியானால் போலீஸ்காரரின் கனத்த குரல் எப்படிக் கனமாகவே கேட்கிறது? அவர் குரலின் அடிச்சுருதி 120 ஹெர்ட்ஸ் என்றால், அது குழாயில் வரவே வராது. 360, 480, 600 என்று அதன் மடங்குகள் மட்டும் வருகின்றன. அந்த இடைவெளியைப் பார்த்து மூளை 120-ஐத் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது.

கொடை விழாவில் வேப்பமரத்து உச்சியில் குழாய் கட்டி வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது பழகிய விஷயம். குடத்தின் 'தொம்' என்ற அடியொலி மரத்தைத் தாண்டாது. உடுக்கையும் ஜால்ராவும் காதைக் குத்தும். ஆனால் இசக்கியம்மன் கதையில் ஒரு சொல் தவறாமல் அடுத்த ஊர் வரை போய்விடும். ஊர் தூங்க முடியாமல் தவித்ததற்கும் அதுவே காரணம். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்து, இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. குழாய்க்கு அனுமதி மறுத்துப் பெட்டி ஸ்பீக்கர் கட்டச் சொல்வது இப்போது காவல்துறையின் வழக்கம். எனக்கு இதில் வருத்தமில்லை. அருவிக்கரை விஷயம் வேறு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. அங்கே எச்சரிக்கை காதில் விழுவது உயிர்ப் பிரச்சினை; இசை ரசனைக்கு அதில் இடமில்லை.

நடுப்பகுதிக்கு ஏன் இந்தத் தனிச்சலுகை? காதின் அமைப்பே அப்படி. காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், உள்முனை செவிப்பறையால் மூடியது. பள்ளியில் காற்றுத்தம்பச் சோதனை செய்தவர்கள் மீதியைப் போட்டுக்கொள்ளலாம். நீளத்தின் நான்கு மடங்கு பத்து சென்டிமீட்டர்; விடை 3,400 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். அந்தச் சுருதியில் வரும் ஒலியைக் காதே பத்து டெசிபல் அளவுக்குக் கூட்டி உள்ளே அனுப்புகிறது. மறுகோடியில் 50 ஹெர்ட்ஸ் மெல்லக் கேட்பதற்கே, 1,000 ஹெர்ட்ஸைவிட நாற்பது டெசிபல், அதாவது பத்தாயிரம் மடங்கு ஆற்றல், கூடுதலாக வேண்டும். இந்தக் கீழ்ச்சுருதிகளில், அதாவது பேஸில், தவறு நடந்தால் காது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 3,000-க்குப் பக்கத்தில் சின்னப் பிசிறு வந்தாலும் பிடித்துவிடும்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்காக ஒரு பத்தி. இன்று நாம் பார்க்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரின் இலக்கணத்தை, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த ரைஸும் கெல்லாக்கும் 1925-ல் எழுதினார்கள். அடிப்படை அதன்பின் மாறவே இல்லை. காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள், அதன் தலையில் ஒரு கூம்பு. ஆண்டுதோறும் வரும் 'புரட்சி' விளம்பரங்களைப் படிக்கும்போது இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

இனி எனக்குப் பிடித்த இடம். நல்ல பேஸ் வேண்டுமானால் பெரிய கூம்பு வேண்டும், அதாவது வூஃபர். எட்டு அங்குல வூஃபர் என்றால் அகலம் இருபது சென்டிமீட்டர். 1,700 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளமும் அதே இருபதுதான். அதற்கு மேலே போகப் போக ஒலி பரவாமல் நேர் எதிரே இருப்பவருக்கே போகிறது. கூம்பும் ஒரே துண்டாக அசையாமல் நடு ஒரு பக்கம், விளிம்பு ஒரு பக்கம் என்று நெளியத் தொடங்கும். உச்சத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் அங்குல ட்வீட்டர் இருக்கிறது. அதைக் கீழே இறக்கினாலோ வேறு தொல்லை. அதே சத்தத்தைத் தர, சுருதி பாதியானால் அசைவு நாலு மடங்காக வேண்டும். 2,000-க்குக் கீழே அது திணறும். ஆக, கிராஸ்ஓவர் என்ற சின்னச் சர்க்யூட் வேலையை வூஃபரிடமிருந்து ட்வீட்டருக்கு மாற்றிவிடும் இடம் இரண்டாயிரம், மூவாயிரம் ஹெர்ட்ஸில்தான் வந்து விழுகிறது. காது மிகக் கூர்மையாக இருக்கும் அதே இடம்.

கல்யாணப் பந்தியில் முதல் இருபது இலை வூஃபர் அண்ணாச்சியின் பொறுப்பு என்று வையுங்கள். பெரிய கரண்டி, கனத்த நடை. அதற்கப்புறம் ட்வீட்டர் தம்பி. சின்னக் கரண்டி, துள்ளு நடை. இருவரும் எல்லைக்கு முன்பே நின்றுவிட்டால் நடுவில் ஓர் இலை காயும். இருவரும் தாண்டி வந்தால் அதே இலையில் இரட்டைச் சாம்பார், சோறு மிதக்கும். இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விபத்து. அண்ணாச்சி சாம்பாரை ஊற்றும் அதே நொடியில் தம்பி இலையை மடக்கி எடுத்தால் என்ன ஆகும்? இருவரும் வியர்க்க வியர்க்க வேலை செய்கிறார்கள், விருந்தாளிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்தால் ஒலி இப்படித்தான் காணாமல் போகும். அந்த இலையில் உட்கார்ந்திருப்பவரோ சம்பந்தி. அடுத்த பந்தியில் யாருக்கு என்ன கிடைத்தாலும், அவர் முகம் கோணினால் கல்யாணமே கோணல். அவர் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் பரிமாறும் கணக்கு முழுவதும் மாறிவிடும் என்பது உபரித் தொல்லை.

சம்பந்தியின் நாற்காலி விளையாட்டுக்குச் சொன்னதல்ல. 3,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் பதினொரு சென்டிமீட்டர் சொச்சம். வூஃபர் மையத்துக்கும் ட்வீட்டர் மையத்துக்கும் இடையே பதினைந்து சென்டிமீட்டர் இருக்கலாம். சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டிலிருந்தும் உங்கள் காதுக்குச் சம தூரம். எழுந்து நின்றால் ஒன்று சில சென்டிமீட்டர் தள்ளிப்போகிறது. அது ஐந்தரையை, அதாவது அரை அலைநீளத்தை, நெருங்க நெருங்கக் குரலின் நடுவே பள்ளம் விழும். லிங்க்விட்ஸ் 1976-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். எல்லைச் சுருதியில் இருவரும் பாதியளவே தந்து ஒரே தாளத்தில் அசையும்படி சர்க்யூட்டை அமைக்க வேண்டும். லிங்க்விட்ஸ்-ரைலி என்ற பெயரில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு வழி, மூன்றாவது ஆளைப் போடுவது. நாலைந்து அங்குல மிட்ரேஞ்ச் ஒன்று, 300-லிருந்து 3,000 வரை, ஏறக்குறைய முழுக்குரலையும் தானே பார்த்துக்கொள்ளும். வூஃபர் தள்ளும் காற்று அதை ஆட்டாதிருக்கப் பெட்டிக்குள் அதற்குத் தனி அறை வேண்டும். 300-ல் பிரிக்கும் கிராஸ்ஓவருக்குக் கனமான செப்புச்சுருள் வேண்டும், அளந்து அளந்து திருத்த ஆள் வேண்டும். விலை ஏறுவதற்கு நியாயமான காரணங்கள் இவை.

நியாயமற்ற காரணங்களும் உண்டு. குழந்தையின் கை தடிமனில் கேபிள், தங்கமுலாம் பிளக், 'மிட்ரேஞ்ச் மாயம்' என்று உருகும் விமர்சனங்கள். அந்த மாயத்தில் பாதி, 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு டெசிபல் கூட்டிவைத்த தந்திரம். மறுபக்கத்தில் மலிவுப் பெட்டியின் 'பி.எம்.பி.ஓ. 5,000 வாட்' ஸ்டிக்கர். செருகும் அடாப்டர் இருபது வாட்தான் தரும் என்றால் மீதி எங்கிருந்து வரும் என்று ஆற்றல் அழியா விதியைப் படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளையே கேட்கும். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று அட்டையில் போடுவதும் அப்படித்தான். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாவிட்டால் அதற்கு அர்த்தமில்லை.

பேஸை விட்டுக்கொடுத்து நடுப்பகுதியைக் காப்பாற்றிய பெட்டிக்கு உதாரணம் பிபிசியின் எல்.எஸ்.3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்து அறிவிப்பாளர் குரலைச் சரிபார்ப்பதற்காக 1970-களில் உருவானது. ஓர் அடி உயரம், இரண்டே ஸ்பீக்கர். அடிவயிறு அதிரும் பேஸ் அதில் கிடையாது. குரலுக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். நம்மூர் மினி பஸ்ஸில் ஈக்வலைசரின் இரு கோடியையும் உச்சத்துக்கு ஏற்றி நடுவைப் பள்ளமாக்கி வைத்திருப்பது இதற்கு நேர் எதிர் சித்தாந்தம்.

வாசகரின் ஹோம் தியேட்டருக்கு வருவோம். சினிமா வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருகிறது. மலிவு செட்டில் அதுதான் இருப்பதிலேயே சின்னப் பெட்டி. போதாக்குறைக்கு டிவி ஸ்டாண்டின் உள்தட்டில் தள்ளி வைத்திருப்பீர்கள். அதை வெளியே இழுத்து, காதை நோக்கித் திருப்பி, மெனுவில் அதன் அளவை மூன்று டெசிபல் கூட்டி, சப்-வூஃபரைக் குறையுங்கள். பாதிப் பிரச்சினை காசில்லாமல் தீரும்.

புதிதாக வாங்குவதானால், வெடிச்சத்த டெமோவைப் பார்க்க மறுத்துவிடுங்கள். கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் மாறி மாறி வரும் பாட்டைப் போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நடுப்பகுதியில் புழங்குபவை. சுமாரான பெட்டியில் குரல் ஏறும்போது நாதஸ்வரச் சாயல் ஒட்டிக்கொள்ளும், சீவாளியின் கரகரப்பு வெறும் தகரச் சத்தமாகும். நல்ல பெட்டியில் ஜானகியம்மா எங்கே மூச்செடுக்கிறார், காருகுறிச்சியார் எங்கே ஊதலை அடக்குகிறார் என்பது தனித்தனியே தெரியும். உட்கார்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை கேளுங்கள். ஒப்பிடும் இரண்டு பெட்டியும் ஒரே சத்த அளவில் இருக்கட்டும். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத் 'தரம்' என்று நம்பிவிடும், அது கடைக்காரருக்கும் தெரியும்.