சீமெந்தில் எழுந்த நினைவாலயம்

பரிஸ் நகருக்குக் கிழக்கே, நம்மவர் பலர் குடியிருக்கும் சென் சன் டெனி மாவட்டத்தில், லு ரன்சி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்குள்ள ஆறுதல் அன்னை ஆலயத்தை வீதியிலிருந்து நோக்குவோர் சாம்பல் நிறக் கோபுரம் ஒன்றையே காண்பர். ஆயினும் நவீன கட்டடக்கலை வரலாற்றில் இவ்வாலயத்திற்குத் தனியிடம் உண்டு.

1914 செப்டெம்பரில், பரிசை நோக்கி முன்னேறிய ஜேர்மன் படை மார்ன் ஆற்றுப் பகுதியில் தடுத்து நிறுத்தப்பட்டது. அப்போரில் மடிந்தோரின் நினைவாக ஓர் ஆலயம் எழுப்பப் பங்குத்தந்தை பெலிக்ஸ் நேக்ர் விரும்பினார். பங்கின் கையிருப்போ சொற்பம். கருங்கல்லில் கட்டுவது இயலாத காரியம். கட்டடக் கலைஞர்களும் ஒப்பந்தகாரருமாகிய ஒகுஸ்த் பெரே, குஸ்தாவ் பெரே சகோதரர்கள் அப்பணியை ஏற்றனர். தொழிற்சாலைகளுக்கும் பண்டகசாலைகளுக்குமே உரியதெனப் பலர் எண்ணியிருந்த, இரும்புக் கம்பியிட்ட கொங்கிறீற்றை அவர்கள் தேர்ந்தனர். 1922இல் தொடங்கிய வேலை நிறைவெய்தி, 1923 ஜூனில் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது.

உள்ளே நுழைவோர் வியப்படைவர். சுமார் 56 மீற்றர் நீளமான மண்டபத்தின் மெல்லிய கூரையை நான்கு வரிசைத் தூண்களே தாங்குகின்றன. சுமார் 11 மீற்றர் உயர்ந்த அத்தூண்களின் குறுக்களவு அரை மீற்றருக்கும் குறைவு. பாரம் முழுவதும் தூண்களில் இறங்குவதால் சுவர்களுக்குச் சுமையில்லை. எனவே சுவர்களை அச்சில் வார்த்த கொங்கிறீற்றுச் சட்டங்களால் சல்லடைபோல் அமைத்து, இடைவெளிகளில் வண்ணக் கண்ணாடி பதித்தனர். ஓவியர் மொரிஸ் டெனி வரைந்த உருவங்களைக் கண்ணாடியில் ஆக்கியவர் மார்கிரித் உரே என்ற பெண் கலைஞர். போர்முனைக்குப் படையினரை ஏற்றிச் சென்ற பரிஸ் வாடகைக் கார்களும் ஒரு சாளரத்தில் இடம்பெற்றுள்ளன.

செலவைக் குறைக்க மர அச்சுகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர், மேற்பூச்சும் இடவில்லை. அச்சுப் பலகையின் தடம் தூண்களில் இன்றும் தெரிகின்றது. வறுமையை மறைக்க முயலாத அந்த நேர்மையே அழகாயிற்று.

1966இல் அரசு இதனை வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தது. எனினும் ஈரம் உட்புகுந்து கம்பிகள் துருவேறக் கொங்கிறீற்று வெடித்தது. பெரும் திருத்தவேலைகள் தேவைப்பட்டன. கல்லைப்போல் நிலைக்குமென நம்பப்பட்ட பொருளுக்கும் பராமரிப்பு வேண்டியிருக்கின்றது.

நினைவும் அத்தகையதே எனலாம். மாண்டோரை மறவாதிருக்கப் பெரும்பொருள் தேவையில்லை. கைக்கெட்டிய சீமெந்தும் மணலும் போதும். ஆனால் எழுப்பியதைத் தலைமுறைதோறும் பேணும் கைகள் வேண்டும். போரில் உறவுகளை இழந்த எவரும் அவ்வாலயத்தின் ஒளியில் சற்று நேரம் அமர்ந்து வரலாம்.