சின்னஞ்சிறு நிலையத்தில் ஒரு விளக்கு

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் செல்லும் இரயில் பாதை 1928ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அந்த மீட்டர் பாதை 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. அகலப் பாதையாக மாறியபின், தேனி வரை 2022இலும் போடி வரை 2023இலும் மீண்டும் இரயில்கள் ஓடலாயின. ஆனால் பழைய சிறு நிலையங்களின் இரவுக் கோலத்தை இன்றைய பிள்ளைகள் அறியார். ஆகவே நாகமலை புதுக்கோட்டையிலுள்ள நமது இல்லத்தில், கோடை விடுமுறையில், மகனுடன் சேர்ந்து அப்படியொரு நிலையத்தைச் சிற்றுருவில் அமைத்தோம்.

இது வெறும் சிறுபிள்ளை விளையாட்டன்று. புனே நகரில் பாவுசாகேப் ஜோஷி என்பவர் இத்தகைய ஆர்வத்தை ஓர் அருங்காட்சியகமாகவே வளர்த்து, 1998இல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். நமது முயற்சியோ ஒரு பலகையளவே. உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கு என்பது கணக்கு. 6 மீட்டர் விளக்குக் கம்பம் அங்கே 7 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

விளக்குகளைப் பொருத்தி, அறையை இருளாக்கி, பெருமையுடன் நம் தாயாரை அழைத்தோம். அவர்கள் பார்த்துவிட்டுப் பேரனிடம், “என்னய்யா இது, தேர்ப்பவனி மாதிரி ஜெகஜோதியா இருக்கு! நம்ம ஸ்டேஷன்ல ஏது இம்புட்டு வெளிச்சம்?” என்றார்கள்.

அவர்கள் சொன்னது உண்மையே. அட்டைச் சுவர்களின் ஊடாகவும் ஒளி கசிந்தது. எல்லா ஜன்னல்களும் ஒன்றுபோல் வெள்ளையாய் எரிந்தன. மீண்டும் தொடங்கினோம்.

முற்காலத்தில் இவ்வேலைக்குக் கோதுமை மணியளவான இழை பல்புகளே கிடைத்தன. அவற்றின் சூட்டில் பிளாஸ்டிக் உருகுவதுமுண்டு. இன்று எல்.இ.டி. விளக்குகள் அத்தொல்லையைப் பெரிதும் நீக்கிவிட்டன. அவற்றுள் 2,700 கெல்வின் அளவிலான மஞ்சள் கலந்த வெண்மையே பழைய வீடுகளுக்குப் பொருந்தும். மண்ணெண்ணெய் விளக்கிற்கு மேலும் சிறிது ஆரஞ்சு வர்ணம் பூசவேண்டும். 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் 1,000 ஓம் மின்தடை சேர்த்தால் ஏறத்தாழ 9 மில்லியாம்பியர் பாயும். 4,700 ஓம் சேர்த்தால் 2 மட்டுமே. அம்மங்கலே நமக்குத் தேவையாயிருந்தது. சுவர்களின் உட்புறம் கறுப்பு வர்ணம் பூசியதும் கசிவு நின்றது.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. கிறிஸ்துமஸ் குடிலில் தொங்கவிடும் சரவிளக்குகள் பல 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக எரிபவை. அவற்றை வெட்டி இதற்குப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து. மூடிய 12 வோல்ட் அடாப்டரை மட்டுமே பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.

எந்த விளக்கு எங்கே என்பதைத் தாயாரே கூறினார்கள். நிலைய அதிபர் அறையில் ஒன்று, நடைமேடையில் இரண்டு, கைகாட்டியில் ஒன்று. அவர்களுடைய தந்தையார் மாலைதோறும் கைகாட்டி மரத்தில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கை வைத்து வந்தவர். அவ்விளக்கின் முன்னுள்ள கண்ணாடி நீலம் கலந்த பச்சை நிறமுடையது. சுடரின் மஞ்சளோடு சேரும்போதுதான் தொலைவிலிருப்போருக்கு அது பச்சையாகத் தெரியும். நாமும் மஞ்சள் விளக்கின் முன் அத்தகைய கண்ணாடித்தாளை ஒட்டினோம்.

இரண்டாம் முறை அறையை இருளாக்கியபோது, பலகையின் பெரும்பகுதி இருட்டாகவே இருந்தது. நான்கு சிறு சுடர்கள் மட்டும் தெரிந்தன. தாயார் நெடுநேரம் பேசாதிருந்தார்கள். பின்பு நிலையத்தின் பின்னாலிருந்த சிறு வீட்டைக் காட்டி, “அந்த ஜன்னல்லயும் ஒண்ணு வையி அய்யா. எங்க அப்பா வீடு திரும்புற வரைக்கும் எங்க அம்மா விளக்கை அணைக்க மாட்டாக” என்றார்கள்.

அந்த ஐந்தாவது விளக்கை மகனே பொருத்தினான். பாட்டியின் தந்தையாரைப் பற்றி அவன் கேள்வி கேட்டது அன்றுதான் முதல் முறை. அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்து முதியோரிடமும் இத்தகைய விளக்குகள் பல உண்டு. அவர்கள் அருகிலிருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.