சொல்தா வீடுகளும் ஆப்கான் மண்ணும்

நவம்பர் மாதம் பிறந்தால், உழவர்கரை, ரெட்டியார்பாளையம் பகுதிகளில் வாழும் நாம் கல்லறைகளைத் தூய்மை செய்து, பூவும் மெழுகுதிரியும் வைத்து நம் இறந்தோருக்காக மன்றாடுகிறோம். அதே மாதம் 11ஆம் நாள், புதுவைக் கடற்கரையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கப்படுகிறது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மடிந்த பிரெஞ்சிந்தியருக்காக எழுப்பப்பட்டது அது. மாலையில் காற்று வாங்கப் போகும் நாம் அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அவர்கள் ஏன் போனார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று கேட்பவர் குறைவு.

'சொல்தா' என்ற சொல்லை விளக்க வேண்டிய தேவை புதுவையில் இல்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் பெரியவர்களைத்தான் நாம் அவ்வாறு அழைக்கிறோம். அவர்களில் பலர் 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போரையும், அதன்பின் 1962 வரை நீடித்த அல்ஜீரியப் போரையும் கண்டவர்கள். சிலர் வியட்நாம் நாட்டுப் பெண்களை மணந்து அழைத்து வந்தனர். அவர்களுக்கு வரும் பென்ஷனைப் பற்றி ஊரே பேசியது, பொறாமையும் பட்டது. போரைப் பற்றி மட்டும் அவர்களும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. பட்டாசு வெடித்தால் திடுக்கிடுவது, தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது, குடிப்பழக்கம் ஆகியவற்றையெல்லாம் 'அவர் சுபாவம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம்.

அது சுபாவம் மட்டும்தானா? முதல் உலகப் போரிலேயே மருத்துவர்கள் இத்தகைய நிலையைக் கண்டு அதற்கொரு பெயரும் வைத்தார்கள். ஆயினும் மனம் உடைந்து களத்தைவிட்டு விலகியவர்கள் கோழைகள் எனப்பட்டனர். அவ்வாறு பிரிட்டன் சுட்டுக்கொன்ற தன் வீரர்களில் 306 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது 2006ஆம் ஆண்டில்தான். இன்று மருத்துவம் இன்னொன்றையும் சொல்கிறது. தான் பட்ட அச்சம் மட்டுமல்ல, தான் செய்ததும், தடுக்கத் தவறியதும் ஒருவரை வாழ்நாள் முழுவதும் அரிக்கக்கூடும். நாம் ஒப்புரவு அருட்சாதனத்தில் மண்டியிட்டுச் சொல்லும் பாரத்திற்கு இது மிக நெருங்கியது.

ஆப்கானிஸ்தானுக்குச் சென்ற வீரர்களுக்கும் இதுவே நேர்ந்தது. 2001ஆம் ஆண்டுக்குப் பிந்தைய போர்களில் களத்தில் இறந்த அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 7,000 பேர். அப்போர்க் காலத்தில் பணியாற்றியோரில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 30,000க்கும் அதிகம் என்று பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் 2021இல் கணித்தது. பிரான்சும் அங்குப் படை அனுப்பியது. 2008 ஆகஸ்டு 18 அன்று உஸ்பின் பள்ளத்தாக்கில் நடந்த தாக்குதலில் பிரெஞ்சு வீரர் பத்துப் பேர் மாண்டனர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் ஊர்க் குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் இன்றும் அந்தப் படையில் சேர்வதை நாம் அறிவோம். அதனால் இச்செய்தியை எங்கோ நடந்ததாக நம்மால் தள்ளிவிட முடியாது.

வீரனுக்காவது திரும்பிப் போக ஒரு நாடு உண்டு. ஆப்கான் மக்களுக்குப் போர்க்களமே வீடு. 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தது முதல், 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை வெளியேறியது வரை ஒரு தலைமுறை போரில் பிறந்து, போரிலேயே பேரன் பேத்திகளைக் கண்டது. 2001க்குப் பின் மட்டும் 46,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. 2015 அக்டோபர் 3 அன்று குந்தூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர் இறந்தனர். 2021 ஆகஸ்டு 29 அன்று காபூலில் ஆளில்லா விமானம் ஒரு குடும்பத்தைத் தாக்கிப் பத்துப் பேரைக் கொன்றது. அவர்களில் எழுவர் குழந்தைகள். தவறு நடந்துவிட்டது என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தாய் தகப்பனுக்கு அந்த ஒப்புதல் எதைத் தரும்? மறுபுறம், தாலிபான்கள் சாலையோரம் புதைத்த வெடிகளும் பள்ளிக்கும் சந்தைக்கும் போனவர்களின் கால்களைப் பறித்தன. காபூலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் செயற்கைக்கால் மையத்தில், காலிழந்தவர்களே மற்றவர்களுக்குக் கால் செய்து கொடுக்கிறார்கள்.

அந்த மண்ணுக்கு நம் தமிழ்க் குரு ஒருவரும் சென்றார். இயேசு சபையைச் சேர்ந்த அருள்தந்தை அலெக்சிஸ் பிரேம்குமார் சிவகங்கை மாவட்டத்துக்காரர். தமிழகத்தில் ஈழ அகதிகளோடு பணியாற்றிய அனுபவம் உள்ளவர். அகதி வாழ்விலிருந்து நாடு திரும்பிய ஆப்கான் குழந்தைகளின் பள்ளியைப் பார்வையிடச் சென்றபோது, 2014 ஜூன் 2 அன்று ஹெராத் அருகே அவர் கடத்தப்பட்டார். எட்டு மாதங்களுக்குப் பிறகு, 2015 பிப்ரவரி 22 அன்று விடுதலையானார். சொல்தாக்கள் துப்பாக்கியோடு போன தொலைவுக்கு இவர் பாடப்புத்தகத்தோடு போனார் என்று நமக்குத் தோன்றுகிறது.

போர் வீரனைத் திருச்சபை வெறுப்பதில்லை. திருவிருந்துக்கு முன் நாம் சொல்லும் மன்றாட்டு, நோயுற்ற தன் பணியாளனுக்காக இயேசுவிடம் வந்த நூற்றுவர் தலைவரின் சொற்களிலிருந்து வந்ததுதான். ஆனால் போரைப் பற்றி அதன் குரல் கடுமையாகிக்கொண்டே வந்துள்ளது. நீதியான போர் என்று இன்று பேசுவதே மிகக் கடினம் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் தம் சுற்றுமடலில் எழுதினார்.

காபூலில் கத்தோலிக்கருக்கென இருந்தது இத்தாலியத் தூதரகத்துக்குள் அமைந்த ஒரு சிற்றாலயம் மட்டுமே. 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் அந்நாட்டைத் தனி மறைப்பணித் தளமாக ஏற்படுத்தினார். 2021 ஆகஸ்டில் அதன் பொறுப்பாளர் அருள்தந்தை ஜொவான்னி ஸ்கலேசே நாட்டைவிட்டு வெளியேறியபோது, அன்னை தெரேசாவின் அருள்சகோதரிகளும் உடன் சென்றனர். கைவிடப்பட்டு, அச்சகோதரிகளின் பராமரிப்பில் வளர்ந்த மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் 14 பேரையும் அவர்கள் தங்களோடு உரோமைக்கு அழைத்துச் சென்றார்கள்.