சித்திரை மழையும் புற்றுக்காளானும்

கொஸ்லந்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மார்ச் கடைசியிலேயே பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். இரண்டு மூன்று நாள் விடாமல் இடித்துப் பெய்தால், அடுத்த நாள் விடியும்போதே லயத்துப் பிள்ளைகள் சட்டியைத் தூக்கிக்கொண்டு புற்று இருக்கும் பக்கமெல்லாம் சுற்றி வருவார்கள். கொழுந்துக்குப் போகும் அக்காமாரும் வழியில் ஒரு கண் வைத்துக்கொள்வார்கள். போன வருஷம் எந்தப் புற்றில் பூத்தது என்பது வீட்டுக்குள் மட்டும் பேசப்படும் செய்தி. முந்திப் போனவருக்குத்தான் காளான். வெயில் ஏறினால் குடை விரிந்து புழு வைத்துவிடும், கறிக்கு ஆகாது.

பாதி விரிந்த புற்றுக்காளான் ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். குடையின் நடுவே கூரான மொட்டு நிற்கும். மண்ணைத் துளைத்து மேலே வந்தது அந்த முனைதான். தண்டைச் சுற்றிக் குச்சியால் மெதுவாகக் கிளறினால், தண்டு அங்கே முடியாது. வேராக மெலிந்து, கீழே புற்றுவரை போகும். அந்த ஆழத்தில் கறையான்கள் சருகையும் உக்கிய மரத்தையும் மென்று அடுக்கி, அதன்மேல் பூஞ்சணம் வளர்க்கின்றன. தங்களால் செரிக்க முடியாத நாரை அது பக்குவப்படுத்திக் கொடுக்க, அதைத் தின்று வாழ்கின்றன. சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் விவசாயம் இது. மழை ஊறியதும் அந்தப் பூஞ்சணம் மேலே அனுப்பும் குடையைத்தான் நாம் பறிக்கிறோம். சிப்பிக்காளானைப் போல இதைப் பையில் வளர்த்து விற்க முடியாது. புற்றை இடித்துவிட்டால் அந்த இடத்தில் காளான் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இந்தக் காளான்களுக்கு அறிவியல் பெயர் கிடைத்த கதையில் நம் மலைகளுக்கும் பங்குண்டு. இலங்கையில் கிடைத்த புற்றுக்காளான் ஒன்றை 1847இல் இங்கிலாந்தின் பெர்க்லி பாதிரியார் விவரித்தார். விரல் நகத்தளவே ஆன, நூற்றுக்கணக்கில் ஒன்றாகப் பூக்கும் சிறு காளானுக்கு 1871இல் அவரும் புரூம் என்பவரும் சேர்ந்து பெயர் வைத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1869இல், இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைட்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து, அந்தப் பூஞ்சணத்தை உலகுக்கு அறிவித்தவர்களும் இதே இருவர்தான். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. நம் முன்னோரின் பிழைப்பை மாற்றிய பூஞ்சணமும் நம் சட்டியில் வேகும் பூஞ்சணமும் ஒரே மேசையில் பெயர் பெற்றவை என்பது என்னை ஒவ்வொரு முறையும் திகைக்க வைக்கிறது.

அதே இங்கிலாந்தில், ஹியர்ஃபர்ட் நகரின் வூல்ஹோப் இயற்கை ஆர்வலர் கழகம் 1868இல் காளான் தேடும் நடையைத் தொடங்கியது. மருத்துவரும் பாதிரியாரும் பொழுதுபோக்காகக் கூடையுடன் காட்டுக்குப் போய், மாலையில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து விவாதித்தார்கள். அப்படியொரு சங்கம் கொஸ்லந்தைக்கு வேண்டும் என்பதே என் ஆசை. இங்கே ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. லயத்துப் பாட்டிமார் இருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் அவர்களோடு நடந்து, பார்த்ததை எழுதி, படம் வரைந்து வைத்தால் போதும்.

சங்கம் முதலில் ஒழிக்க வேண்டியவை சில நம்பிக்கைகள். காளானோடு சட்டியில் போட்ட வெள்ளிக் காசு கறுக்கவில்லை, மஞ்சள் நிறம் மாறவில்லை, பூச்சி தின்றிருக்கிறது, ஆகவே நல்ல காளான் என்பதெல்லாம் உயிருக்கு உலை வைக்கும் பேச்சு. புல்தரையில் வளரும் பெரிய வெள்ளைக் காளான் ஒன்று பார்வைக்கு அழகாகவே இருக்கும். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைச் சாய்த்துவிடும். அதன் குடையை நறுக்கி, மடிப்புப் பக்கம் கீழாக வெள்ளைத் தாளில் வைத்து, கோப்பையால் மூடிவிடுங்கள். காலையில் தாளில் மங்கிய பச்சைத் தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு. ஆனால் இளஞ்சிவப்பு மட்டும் போதாது, சில நஞ்சுக் காளான்களுக்கும் அதே நிறம்தான். புற்று, நீண்ட வேர், கூர்முனை, தூள் எல்லாம் ஒத்துவந்த பிறகும், நன்றாகத் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லாமல் அடுப்பில் ஏற்றக்கூடாது. தின்று ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி தொடங்கினால் ஈரலைத் தாக்கும் நஞ்சாக இருக்கலாம். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் படுத்திருக்காமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றை இந்த ஊரில் சொல்லாமல் விட முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஒக்டோபர், நவம்பர் மழையிலும் காளான் பூக்கும். காளானுக்காகப் பிள்ளைகளைச் சரிவில் ஏற்றுவதற்கு முன், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எச்சரிக்கை இருந்தால் அன்று நடை இல்லை. தரையில் புதிய வெடிப்போ, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கியிருப்பதோ கண்ணில் பட்டால் காளானை விட்டுவிட்டு எல்லோரையும் கீழே கூட்டிவர வேண்டும். களைக்கு மருந்தடித்த மலையிலும் பறிக்க வேண்டாம். எந்த மலையில் எப்போது அடித்தார்கள் என்பது கங்காணிக்குத் தெரியும், முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.