உஷார்! ரிசல்ட் வந்ததும் வீடு தேடி வரும் புரோக்கர்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு தென்மாவட்டக் கிராமங்களில் ஒருவர் வந்து வண்டியை நிறுத்துவார். பெரும்பாலும் தெரிந்த முகம்தான். "மூணு வருஷம் மில் ஹாஸ்டல்ல இருந்தா போதும்க்கா, கடைசியில மொத்தமா பணம். கல்யாணச் செலவுக்கு ஆச்சு." பெண்ணைப் பெற்றவர்களே, உஷார்!

சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றெல்லாம் கேட்டால் அரசு உதவி போல இருக்கும். எல்லாம் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்கு ஆள் பிடிக்க வைத்த பெயர்கள். நெதர்லாந்தின் சோமோ உள்ளிட்ட அமைப்புகள் 2011-லேயே இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. மொத்தமாகத் தருவதாகச் சொன்ன அந்த முப்பது, நாற்பதாயிரம், மாதாமாதம் பிடித்து வைத்த கூலிதான். உடம்புக்கு முடியாமல் நடுவில் ஊர் திரும்பினால் அதுவும் போச்சு. பெயர் கெட்டுப்போனதால் இப்போது 'பயிற்சி', 'வேலையோடு படிப்பு' என்று வருகிறார்கள்.

பணத்தை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். மாதவிலக்கு வலி என்று உட்கார்ந்தால் உற்பத்தி குறையும். அதற்கு ஆடைத் தொழிற்சாலைகளில் ஒரு வழி வைத்திருந்தார்கள்: சூப்பர்வைசர் கையில் ஒரு மாத்திரை. அட்டை கிடையாது, பெயர் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-ல் தமிழகத்து ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசியது. அத்தனை பேரும் இப்படி மாத்திரை விழுங்கியவர்கள். பாதிக்கு மேல் உடம்பு கெட்டதாகச் சொன்னார்கள். பரிசோதித்தபோது அவை இப்யூபுரோஃபன் வகை வலி மாத்திரைகள். எப்போதோ ஒன்று என்றால் பரவாயில்லை. அடிக்கடி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் தாங்காது. ஏற்கெனவே 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நூற்பாலை என்றால் அதோடு பஞ்சுத் தூசி, ராத்திரி ஷிப்ட். வளரும் பெண்ணுக்கு இது வேலையா? 15 முதல் 18 வயதுக்குள் இருக்கும் பெண்ணை இரவு 7 மணிக்கு மேல் ஆலையில் வைக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது.

புரோக்கர் வந்தால் கேளுங்கள்: மாதச் சம்பளம் முழுதும் பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஏறுமா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? நினைத்தபோது போனில் பேச முடியுமா? மழுப்பினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே போய்விட்ட பிள்ளை 18 வயதுக்குள் இருந்து, குரலில் ஏதோ சரியில்லை என்று பட்டால் யோசிக்காமல் 1098-ஐ அழையுங்கள்.

கல்யாணச் செலவை நினைத்துப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். அரசே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவியைப் படிப்பு உதவியாக மாற்றிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே ஏறும். புரோக்கருக்குத் தலையாட்டும் முன் பள்ளிக்கூடத்தில் போய் இதை விசாரியுங்கள்.